பிளீச்சிங் அக்காவும் இரண்டு குழிகளும்

அவளுடைய பெயர் ஓட்டர் பட்டியலில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பிளீச்சிங் அக்கா என்றால் தபால்காரருக்கே தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் பிரசவ வார்டைக் கழுவியவள். ஓய்வு பெற்றபோது வேலை நின்றது, பழக்கம் நிற்கவில்லை. வாசல்படி, பால் கேன், மாட்டுத் தொட்டி, புருஷனின் ரப்பர் செருப்பு என்று எதுவும் தப்பவில்லை. மாடுகள் வாயில்லா ஜீவன்களாகப் போனது நல்லதாயிற்று. இல்லையென்றால் ஒன்றாவது போலீசுக்குப் போயிருக்கும்.

சமையலறை மூலையில் ஒரு நீல டிரம். அதில் தண்ணீர் நிரப்பிப் பிளீச்சிங் பவுடர் போட்டு வைப்பாள், அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை. குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். "மருந்து குடிக்கிற மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, புருஷன் கிணற்றடிக்குப் போய் வாளியோடு சாய்த்துக் குடிப்பார். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். கெட்ட தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கு, இரண்டே நாளில் கொண்டுபோய்விட்டது. அடுத்த மாதம்தான் அக்கா ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் குழந்தையைப் பற்றி புருஷன் அதற்குப் பிறகு வாயே திறந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

இந்த வருஷம் மக்காச்சோளம் அறுக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சோளத் தட்டையைக் காயவைக்க வழியில்லை. நறுக்கிக் குழியில் போட்டு, காற்று தங்காமல் மிதித்து, பிளாஸ்டிக் தாளால் மூடிப் புளிக்க வைக்கிற சைலேஜ்தான் கதி. மாட்டுக்கு ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பால் சங்கத்துத் தீவனக் கிடங்குக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"அக்கா, இதுல உயிரோட கிருமி இருக்கு. நல்ல கிருமி. பாலுக்கு உறை ஊத்துற மாதிரி. இந்த ஈரத்துக்கு இது இல்லாம மூடினா அழுகிடும். தண்ணில கரைச்சு அடுக்கடுக்கா தெளிங்க. கிணத்துத் தண்ணி போதும்."

கிருமி என்று கேட்டதுமே அக்காவுக்கு உடம்பு கூசியது. கொல்லுவதற்குச் சம்பளம் வாங்கியவள், விலை கொடுத்து வாங்குவதா! புருஷன்தான் பிடிவாதமாக வாங்கினார். சரி, அதைப் போய்ப் பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீரிலா கரைப்பது? மாடு தின்கிற பொருளாயிற்றே! நீல டிரம்மிலிருந்து குடம் குடமாகச் சுமந்து முதல் குழிக்கு அவளே தெளித்தாள். இரண்டாவது குழிக்கு வரும்போது டிரம் காலி. "நீ விடு, நான் பாத்துக்குறேன்" என்று புருஷன் கிணற்றில் இறைத்துத் தெளித்தார்.

நாற்பத்தைந்து நாள் கழித்து முதல் குழியைத் திறந்தார்கள். அழுகின நாற்றம் மாட்டுக் கொட்டகைவரை அடித்தது. தீவனம் கறுத்துப்போய்க் கையில் கொழகொழவென்று ஒட்டியது.

"நம்ம செவலைப் பசு ஏழு மாசச் சினை. இதத் தின்னா கன்னு தங்காது" என்று புருஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தார் பாருங்கள், நேரே கிடங்குக்குத்தான். சட்டையைப் பிடிக்காத குறை. "போலிப் பவுடர வித்து எங்க வயித்துல அடிக்கிறியா?" அதே பவுடரை வாங்கிக் குழி மூடி, இன்னும் திறக்காமல் இருந்த பத்துப் பேரும் பயந்துபோய்க் கூடிவிட்டார்கள். மறுநாள் காலை பால் ஊற்ற வரும்போது கிடங்குக்காரரை வேலையைவிட்டு அனுப்பிவிடுவது என்று பேச்சு. அவருக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை, மூன்று பிள்ளைகள்.

மத்தியானம் அக்கா தனியாகப் போய் இரண்டாவது குழியின் ஓரத்தை மட்டும் விலக்கிப் பார்த்தாள். பழுத்த பழம் மாதிரி புளிப்பும் இனிப்புமாக வாசனை வந்தது. நிறமும் கறுக்கவில்லை. ஒரே நாள், ஒரே சோளம், ஒரே பொட்டலம். ஓடிப்போய், புருஷன் கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருந்த காலிப் பொட்டலத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது: குளோரின் கலந்த தண்ணீரில் கரைக்கக் கூடாது.

அட கடவுளே! பிளீச்சிங் பவுடர் என்றால் குளோரின்தானே! அந்தக் கிருமிகளைக் கொன்றதே அவள்தான்.

பொட்டலத்தை அடுப்பில் போட்டால் கதை முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஊர் சிரிப்பதுகூடப் பெரிதில்லை. 'முதல்ல அந்த டிரம்மத் தூக்கி வெளிய போடு' என்று புருஷன் சொல்லிவிடுவாரே, அதுதான் அவளுக்குப் பயம். அந்த டிரம்மை எடுத்தால் மகளை இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு போவது மாதிரி. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் சங்கத்தில் பால் கேன்கள் வரிசையாக நின்றன. கிடங்குக்காரர் தாமாகவே சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். புருஷன் பேசத் தொண்டையைச் செருமினார்.

"சாவிய எடுத்துக்குங்க தம்பி" என்றாள் அக்கா. "தப்பு உங்க மேல இல்ல."

ஒவ்வொரு குழித் தீவனத்திலும் ஒரு பிடி போட்டுக் கொண்டுவந்திருந்த இரண்டு டப்பாக்களைத் திறந்து மேசைமேல் வைத்தாள். "மோந்து பாருங்க. ரெண்டும் ஒரே பவுடர்தான். இது கிணத்துத் தண்ணில கரைச்சது. இது என் டிரம் தண்ணில கரைச்சது, பிளீச்சிங் போட்ட தண்ணி. பொட்டலத்துலயே கூடாதுன்னு போட்டிருக்கான், நான்தான் படிக்கல."

கூட்டம் இரண்டு டப்பாவையும் மாற்றி மாற்றி மோந்தது. பின்னாலிருந்து ஒருவர், "பேருக்கேத்த வேலைதான் பாத்திருக்க அக்கா!" என்றார். சிரிப்பு வெடித்தது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் நகராமல் நின்றாள்.

புருஷன் சிரிக்கவில்லை. "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதப்பா" என்று கிடங்குக்காரரின் கையைப் பிடித்தார். அந்த மனிதர் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நானும் தண்ணியப் பத்தி விவரமா சொல்லியிருக்கணும்கா" என்றார்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்று, "டிரம்ம எடுத்துடட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவர் நேரே சமையலறைக்குள் போனார். நீல டிரம்மில் ஒரு டம்ளர் மொண்டு, முகம் சுளிக்காமல், ஒரே மூச்சில் குடித்தார்.

"குழிக்குக் கிணத்துத் தண்ணி எடுத்துக்கலாம். இது இங்கயே இருக்கட்டும்" என்றார். "பாப்பா இருந்தப்பவே இது நம்ம வீட்ல இருந்திருக்கணும்."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சு. அக்கா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அழுதுகொண்டே கழுவினாள், வழக்கம்போல இரண்டு தரம்.