தபால்தலைக்கு அடியில்

குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். பினாங்குக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் பூதக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, மின்பலகைகளில் எங்கே ஈயம் ஒட்டவில்லை, எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஃபெரியில் அக்கரைக்கு, மாலையில் ஃபெரியில் இக்கரைக்கு. ஓய்வு பெற்றபோது கழுத்துவலி மட்டும்தான் கூட வந்தது என்று நினைத்தேன். கண்ணும் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டேன், அவர் கழுத்து மாலையில் எத்தனை பூ வாடியிருக்கிறது என்று பார்ப்பேன். சொந்தக்காரர்கள் எனக்குப் பத்திரிகை வைப்பதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்கிறார்கள்.

இந்தக் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டுமே என்று, அப்பா விட்டுப்போன தபால்தலை ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஜார்ஜ்டவுனில் ஒரு சேகரிப்பாளர் சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே ஜப்பான்காரன் காலத்துக் கடித உறைகளை ஆராயும் வேலையை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெள்ளைக்கார ராஜாவின் முகம் போட்ட பழைய தபால்தலைமேல் ஜப்பானிய முத்திரைச் சாப்பைக் குத்தி ஓட்டிய காலம் அது. அப்படிப்பட்ட தபால்தலை ஒட்டி, நிஜமாகவே தபாலில் போய்வந்த உறை கிடைத்தால் சேகரிப்பவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனாலேயே அதில் கோல்மாலும் அதிகம்.

பினாங்கில் ஒரு தபால்தலைக் கடையிலிருந்து வெளியே போன உறைகளைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். எல்லாம் ஒரே மாதிரி. எல்லாமே அந்தக் கடையின் முகவரிக்கே வந்தவை. தணிக்கைக்காரனின் சாப் இல்லை. உள்ளே ஒரு காகிதம் இருந்ததற்கான புடைப்புகூட இல்லை. முகவரி எல்லாவற்றிலும் ஒரே கை, ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடிக்கோல் வைத்ததுபோல நேராக. தாள் அசல், தபால்தலை அசல், ஜப்பானிய வருஷக் கணக்கில் தேதி போட்ட முத்திரையும் அசல். பயணம் மட்டும் பொய். ஒரு நாள்கூடத் தபால் பைக்குள் கிடக்காத கடிதங்கள் அவை.

சங்கக் கூட்டத்தில் இதைத் திரையில் போட்டுக் காட்டினேன். எழுத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதக்கூட அலுத்துக்கொண்ட ஆசாமி என்று, அந்தக் கைக்குச் 'சோம்பேறிக் கை' என்று பெயரும் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். கண்காட்சி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். கடைக்காரர் தாமே எழுதித் தமக்கே அனுப்பிக்கொண்ட கடிதங்கள் என்று முடித்துக் கொடுத்தேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் கடைக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். என் சின்ன வயதின் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அவர் கடையில்தான் கழிந்தன.

சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு நாற்காலி, ஒரு மேசை விசிறி. தபால்தலைகள் பறந்துவிடும் என்று விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார். சுவருக்கு மட்டும் நல்ல காற்று. அப்பா தபால் நிலையத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆகையால் அவர் தலையைக் கண்டதும், "வாங்க கிராணியாரே" என்று கடைக்காரர் சொங்கோக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார். பக்கத்துக் கடையிலிருந்து பால் டின்னில் தேத்தண்ணி வரும். இரண்டு பேரும் ஒரே ஒரு தபால்தலையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

கடைக்காரரின் மகள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். நாங்கள் இருவரும் பின்பக்கம் ஒரு எனாமல் பேசினில் தண்ணீர் ஊற்றி, கிழிந்த உறைத் துண்டுகளை ஊறப்போட்டு, தபால்தலைகளைக் கழற்றுவோம். கழன்றவற்றைப் பழைய செய்தித்தாளில் குப்புறப் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஊறிய பசையின் வாசனை கைவிரலை விட்டு மறுநாள் பள்ளிக்கூடத்திலும் போகாது. இப்போதும் எங்காவது ஈரப் பசை வாசனை அடித்தால் எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், என் ஆல்பங்கள் அத்தனையையும் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுத்துவிடுவேன்.

அந்த ஒன்பது வயதில்தான் நான் திருடினேன். பட்டாம்பூச்சி போட்ட முக்கோணத் தபால்தலை ஒன்று. கவுன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா கண்டுபிடித்ததும் அடிக்கவில்லை. உச்சி வெயிலில் அந்தக் கடைக்குத் திரும்ப நடத்திக்கொண்டு போய், மன்னிப்புக் கேட்க வைத்தார். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"பச்சப் புள்ள கிராணியாரே, விடுங்கலா. நாம ஒட்டாத ஸ்டாம்பா, நாம போடாத சாப்பா?"

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. என்மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியில் ஐஸ் கச்சாங் கடையைக்கூட அவர் நிற்காமல் தாண்டிப் போனார்.

அப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போடாமல் அவர் பேனா நகராது. தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் சாமான் பட்டியல், என் பள்ளிக்கூட லீவுக் கடிதம், வருமானவரிப் படிவம், எல்லாவற்றிலும் சுழி இருக்கும். ஊரெல்லாம் சுழியைத் தாளின் மேலே நடுவில் போடும். அவர் வலது மூலையில் போடுவார், அடியில் இரண்டு சின்னக் கோடு இழுத்து. ஏன் மூலையில் என்று கேட்டால், "பழகிப் போச்சும்மா" என்பார். எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலை அறிக்கையின் வலது மூலையில் சுழியைப் பார்த்துவிட்டு, இது என்ன கோட் நம்பர் என்று என் மேற்பார்வையாளர் விசாரித்திருக்கிறார்.

இனி கட்டுரைக்கு வருகிறேன். மலரில் போடப் படம் வேண்டும் என்பதற்காக டத்தோ கிராமாட்டில் இருக்கும் கடைக்காரரின் மகளிடம் ஆறு உறைகளை இரவல் கேட்டேன். அவளுடைய அத்தா மறைந்து பல வருஷமாகிறது. நான் கூட்டத்தில் பேசியபோது அவள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்தான். உறைகளை எடுத்துக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, "அத்தா பேர கொஞ்சம் பார்த்து எழுதுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நான் எழுதியதை மாற்றுகிற எண்ணமே எனக்கு இல்லை.

மறுநாள் மத்தியானம், தபால்தலைகளில் ஒட்டுவேலை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சின்ன டார்ச் ஒன்றை உறைக்குள் நுழைத்து வெளிச்சம் காட்டினேன். ராஜா முகத்துக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ சுருண்டு தெரிந்தது. மைக்கறை என்று நினைத்தேன். அடுத்த உறையை எடுத்தேன். அதே இடத்தில் அதே சுருள். மூன்றாவதில் அடியில் இரண்டு சின்னக் கோடும் தெளிவாகத் தெரிந்தது.

ஆறையும் பார்த்தேன். ஆறிலும் இருந்தது. வலது மூலையில் சுழியைப் போட்டு, அதன் மேலேயே தபால்தலையை ஒட்டி மறைத்திருக்கிறது அந்தச் சோம்பேறிக் கை.

கடைக்காரர் எதை எழுதினாலும் மேலே 786 போடுவார், பில்லில்கூட. அவர் பிள்ளையார் சுழி போட வழியே இல்லை. இது அப்பாவின் கை. ஜப்பான்காரன் காலத்திலும் தபால் நிலையத்தில் முத்திரைச் சாப் வைத்திருந்தவருடைய கை. பொய்யைக்கூடப் பிள்ளையாரிடம் சொல்லாமல் தொடங்கத் தெரியாத மனுஷர். மூலையில் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது புரிந்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு முக்கோணத் தபால்தலைக்காக என்னை உச்சி வெயிலில் நடக்கவைத்த மனுஷர் இதைச் செய்திருக்கிறார். கொஞ்ச நேரம் அவர் படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சண்டை போட்டேன். அப்புறம் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே இன்னொரு நினைப்பும் வந்ததை மறைக்கமாட்டேன். தபால்தலையை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்? நான் வாயை மூடிக்கொண்டால் கட்டுரை அப்படியே அச்சாகும். பழி கடைக்காரர்மேல் நிற்கும், அப்பா ஆல்பத்துக்குள் பத்திரமாக இருப்பார்.

சங்கச் செயலாளருக்குப் போன் போட்டு, கட்டுரையை மாற்றவேண்டும் என்றேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை பிரிண்டிங் போகுதுலா. இப்ப போய் மாத்தணும்னா எப்படி?" என்றார் அவர்.

"வியாழக்கிழமைக்குள்ள தந்துடுறேன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் உறைகளை எடுத்துக்கொண்டு டத்தோ கிராமாட்டுக்குப் போனேன். அவள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வைத்துவிட்டுப் போன ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. டார்ச்சை உறைக்குள் விட்டு அவளுக்குக் காட்டினேன்.

"இது உங்க அத்தா எழுதினது இல்ல. எங்க அப்பா எழுதினது. நான்தான் தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

அவள் உறையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எழுதினது கிராணி மாமான்னு. அத்தா மவுத்தாகறதுக்கு முந்தி சொன்னாங்க. ஜப்பான்காரன் காலத்துல எல்லாரும் மரவள்ளிக்கிழங்குதான். மாமாவுக்குச் சத்தில்லாம காலெல்லாம் வீங்கிப் போச்சாம். அத்தாகிட்ட அரிசி இருந்துச்சு. சும்மா குடுத்தா மாமா வாங்கமாட்டாங்க. அதான் எழுதிக் குடுங்க, சாப் போட்டுக் குடுங்கன்னு வேலை சொன்னாங்களாம். யுத்தம் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் வந்து அந்தக் கவருங்களக் கேட்டான், அத்தா வித்துட்டாங்க. அது தப்புதான். இல்லேன்னு சொல்லல."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அப்ப மீட்டிங்ல நான் அந்தக் கிழி கிழிச்சேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அந்தப் புள்ளைக்கு அப்பான்னா உசுரு, நம்ம பேரு போனா போகட்டும்னு."

அந்தப் புள்ளை நான்தான். அறுபது வயதைத் தாண்டிய, ஊரெல்லாம் குறை தேடுகிற புள்ளை. அவர் கடையில் திருடியவளும் நான், அவரைத் திரையில் போட்டுச் சிரிக்க வைத்தவளும் நான். வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் எழுந்து போய் எனக்கும் ஒரு தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாள், சின்ன வயதில் நான் குடித்த மாதிரியே பால் தூக்கலாக.

"மாமா பேரப் போடாதீங்கக்கா. யாரோ ஒரு கிராணின்னு போட்டுட்டு விடுங்கலா" என்றாள்.

"நீ சும்மா இரு. உங்க அத்தா பேரப் போடுறப்போ உன்னைக் கேட்டேனா?" என்று அதட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பேரனின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அங்கேயே, அவள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தேன். என் கை வழக்கம்போல வலது மூலைக்குப் போனது. சுழியைப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தேன். அதற்குக் கீழே, 'இந்த முகவரிகளை எழுதியவர் என் அப்பா' என்று முதல் வரியை எழுதினேன். சுழியின்மேல் எதையும் ஒட்டவில்லை.