அவள் முன்னால் குடிக்கும் தண்ணீர்

மும்பை தாராவிக்குக் கூலிக்குத் தோல் வெட்ட வந்தவன் நான். இன்று சொந்தப் பட்டறை வைத்து நடத்துகிறேன். பள்ளிக்கூடம் சொல்லித் தராததை இந்த உடம்பு சொல்லித் தந்தது. யாரிடமும் கை நீட்டியதில்லை, கொடுத்துத்தான் பழக்கம்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது, செம்பூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டே கேட்கும்படி சொன்னேன்: "வெளிய எதுக்குத் தேடணும்? நான் இருக்கேம்லா, எங்கிட்ட எடுத்துக்கிடுங்க."

ரத்தம் பொருந்தியது. அடுத்து எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மாட்டுங்காத் தமிழரான டாக்டர் வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"அங்கிள், உங்களுக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னிதான். அதை எடுக்க முடியாது."

ஒரு நோயும் அறியாத உடம்பு என்று பீற்றிக்கொண்டவன், அவள் கட்டிலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஒத்தக் கிட்னிய வச்சிக்கிட்டா இம்புட்டு வருசம் இந்த ஆட்டம் ஆடுனிய?" என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே தண்ணி நெறைய குடிங்க. அதையாவது பத்திரமா வச்சிக்கிடுங்க" என்றாள்.

டாக்டர் உத்தரவுப்படி அவளுக்குத் தண்ணீர் அளவோடுதான். டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் வறண்ட உதட்டோடு பாட்டிலை என் கையில் திணிக்கிறாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கொடுத்தே பழகியவனுக்கு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதில்லை. ஆனாலும் குடிக்கிறேன்.