எடுத்துக்கலாம்னு சொன்ன படகு

1. அரை மணி நேரம்

“எடுத்துக்கலாம் சார்” என்று நான் சொன்னதும் தனசேகர் சார் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த வார்த்தையை அரை மணி நேரத்துக்குள் நானே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. என் தொழிலில் நான் பட்ட பெரிய வெட்கம் அது. பெரிய நிம்மதியும் அதுதான்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவன் நான். ஜீப், வேன், பம்ப்செட், ஜெனரேட்டர், எது வந்தாலும் பார்ப்பேன். தனசேகர் சாருக்குக் கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மில். அவர் மில் இன்ஜின்கள் எல்லாம் என் பொறுப்பு. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆனபோது, பக்கத்தில் ஒரு பெரிய ஏரியில் படகு விட வேண்டும் என்று கிளம்பினார். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதியும் வாங்கிவிட்டார். ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்.

யோசனை அவர் மகள் கவிதாவுடையது. பெங்களூரில் படித்தபோது நீர்ச்சறுக்கு கற்றுக்கொண்டு வந்த பெண். வேகமாகப் போகும் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் நின்றபடி வருவது. அதிலேயே காலுக்கொரு பலகை கட்டினால் ஸ்கீ, ஒரே பலகையில் நின்றால் வேக்போர்டு என்று இரண்டு வகை.

“ஸ்கீக்கு அலை கம்மியா இருக்கணும் அண்ணா, வேக்போர்டுக்கு ஜாஸ்தியா இருக்கணும். ரெண்டுக்கும் ஒரே படகு வேணும். வேக்போர்டுன்னா பின்னாடி தண்ணிப் பை வெச்சு வெயிட் ஏத்திக்கலாம்” என்றாள் கவிதா.

“படகப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா” என்றேன்.

சார் விடவில்லை. “இன்ஜின் தெரியுமில்ல? வா, போயி பாத்துட்டு வந்துடலாம்.”

2. சூடான இன்ஜின்

சென்னைக்குத் தெற்கே, உப்பங்கழி ஓரத்தில் ஒரு பண்ணை வீடு. பிரபாகர் என்பவர் தன் படகை விற்கிறார் என்று தகவல் வந்து, சார், கவிதா, நான் மூவரும் போனோம். சிவப்பும் வெள்ளையுமாய், மெழுகு போட்டுத் துடைத்து, புது சீட், தரையில் புது கார்ப்பெட். தண்ணீரில் மிதந்ததைப் பார்த்ததும் சாருக்குப் பிடித்துவிட்டது. படகு விடும் தொடக்க விழாவுக்கு அழைப்பிதழ் அச்சுக்குப் போயாகிவிட்டது என்பதும் ஒரு காரணம்.

எனக்கோ எதை முதலில் தொடுவது என்றே தெரியவில்லை. இத்தனை பெரிய படகை நான் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. நடுவில் இருந்த இன்ஜின் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பெரிய கார் இன்ஜினேதான். ரேடியேட்டர் இல்லை, வெளித் தண்ணீரை இழுத்துக் குளிர வைக்கிறது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கை வைத்துப் பார்த்தேன். சூடு.

“காலைல ஓட்டினீங்களா சார்?”

“நீங்க வரீங்கன்னு சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்” என்றார் பிரபாகர்.

சூடான இன்ஜின் எதுவும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. “ஆறட்டும் சார், அப்புறமாப் பாக்கறேன்” என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். நன்றாகவே பிடித்தது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தேன். எட்டு சிலிண்டரிலும் ஒரே அழுத்தம். ஏறி ஓட்டிப் பார்த்தோம். முழு வேகத்தில் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி வந்தோம். குறையே இல்லை.

சூடான இன்ஜினைக் கண்டுபிடித்த பெருமை வேறு எனக்குள் இருந்தது. கரைக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், “எடுத்துக்கலாம் சார்.”

3. வெறுங்கால்

சாரும் பிரபாகரும் பேசிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான் டூல்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். கவிதா செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத் திரும்பவும் படகில் ஏறி அங்கும் இங்கும் நடந்து பார்த்தாள்.

“அண்ணா, இங்க கால் வெச்சா மெத்துனு இருக்கு.”

“கார்ப்பெட் புதுசு பாப்பா.”

“அங்க அப்படி இல்லியே. இன்ஜின் பக்கத்துல மட்டும்தான்.”

ஷூவைக் கழற்றிவிட்டு நானும் ஏறி நின்றேன். உண்மைதான். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினேன். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் டக் டக் என்று கேட்டது. இன்ஜின் பக்கம் வந்ததும் சத்தமே எழும்பவில்லை. ஈரத் துணிமூட்டையில் தட்டுவதுபோல் இருந்தது.

அந்தப் படகின் அடியில் நீளவாட்டில் இரண்டு மரச்சட்டங்கள் ஓடின. மேலே ஃபைபர் பூச்சு. லாரிக்கு சேஸிஸ் மாதிரி அது. அந்தச் சட்டத்தில்தான் இன்ஜினை முடுக்கியிருந்தார்கள். ஒரு போல்ட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினேன். பலமே தேவைப்படவில்லை. போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே வந்தது. கையால் தூக்கியதும் கழன்று வந்துவிட்டது. துளையிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் கசிந்தது. அடுத்ததும் அப்படித்தான். உள்ளே மரம் உளுத்துப்போயிருந்தது.

இப்போதுதான் அதே இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கி, நாலு பேரும் சாய்ந்து திரும்பியிருந்தோம். ஏரி நடுவில், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகும்போது அது இடம் பெயர்ந்தால், புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் படகின் அடியைக் கிழித்துவிடும்.

“அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?” என்றாள் கவிதா.

“வேணாம் பாப்பா. எடுத்துக்கலாம்னு சொன்னது நான்.”

4. திரும்ப வாங்கிய வார்த்தை

போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனேன். “சார், இந்தப் படகு வேணாம்.”

சார் முகம் சிவந்துவிட்டது. “என்னா மணி வெளையாடுறியா? இப்பதான நல்லா கீதுன்ன?”

“தப்பு என்னுது சார். நான் இன்ஜினத்தான் பாத்தேன். படகப் பாக்கல.”

பிரபாகர் குறுக்கே வந்தார். “பழைய படகுன்னா கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும். மெக்கானிக்குக்கு ஃபைபர் பத்தி என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியாது சார். அதான் நீங்களே வந்து அந்த போல்ட்ட டைட் பண்ணிக் காட்டுங்க.”

அவர் எழுந்து வரவில்லை. சார் என்னைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

திரும்பும் வழியில் செஞ்சியில் டீ குடிக்க நிறுத்தியபோது சார் கேட்டார். “சொன்னதுதான் சொல்லிட்டோம்னு நீ கம்முனு இருந்துருந்தா என்னா ஆயிருக்கும் மணி?” அவரே எனக்கு இன்னொரு டீ சொன்னார். அழைப்பிதழ்கள் மில்லில் கட்டுக் கட்டாகவே கிடந்து போயின.

5. ஸ்டெல்லா மேடம்

நாலு மாதம் கழித்து இன்னொரு படகு. ஒரு காலத்தில் படகு கிளப் நடத்திய ஸ்டெல்லா மேடம் என்பவருடையது. நிறம் மங்கி, சீட் கிழிந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. நாங்கள் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ரிப்பேரை முதல்ல சொல்லிடறேன். ரிவர்ஸ் லேட்டா விழும். தண்ணி பம்ப்ல ரப்பர் மாத்தணும். இன்ஜினை நான் இன்னிக்குத் தொடல, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க.”

நான் இன்ஜின் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் ஷூவைக் கழற்றினேன். முன்னிருந்து பின்வரை நடந்தேன், தட்டினேன், ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. அதற்குப் பிறகுதான் இன்ஜின் பக்கம் போனேன். அவர் சொன்ன இரண்டு குறைகளைத் தவிர வேறு இல்லை.

ஏரியில் முதல் ஓட்டத்துக்கு நானும் படகில் இருந்தேன். கவிதா இரண்டு தரம் விழுந்து மூன்றாம் தரம் எழுந்து நின்றாள். கரையில் நின்ற சார் மேல்துண்டை எடுத்துச் சுழற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் தெறித்தது என்று துடைத்துக்கொண்டேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரிந்த இடத்தை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். படகைப் பார்க்கப் போன அன்று நான் செய்தது அதுதான். அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், பார்த்ததோடு பார்க்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். “இன்ஜின் நல்லா இருக்கு சார். சேஸிஸ் நான் பாக்கல, தெரிஞ்சவங்களக் கூட்டினு வந்து காட்டிடுங்க.” இப்படிச் சொன்னதற்காக எந்த வாடிக்கையாளரும் என்னை விட்டுப் போனதில்லை.