கலயத்தில் மிஞ்சிய சிப்பி

நான் விடுப்பில் இருந்த அன்று, கன்னியம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதே எனக்குக் கைகால் ஓடவில்லை. ராயபுரம் பாலர் பள்ளியின் ஆயா, பள்ளிக்கூட நேரத்தில் திருவொற்றியூர் வரை வந்திருக்கிறாள் என்றால் அது நல்ல சேதியாக இருக்க முடியாது. "பெரிய டீச்சர் பூட்டாங்கம்மா. மூச்சு வாங்கிகினே இருந்தாங்க, காலையில பார்த்தா இல்ல" என்றாள். எங்கள் தலைமை ஆசிரியை ஞானம்மாள் அவர்கள் காலமாகிவிட்டார்கள். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். பள்ளிக் கலயத்தில் கிடக்கும் ஒரு சிப்பியை யாராவது தூக்கி எறிந்துவிடுவார்களோ என்ற பயம்.

பயம் எனக்குப் புதிதல்ல. அம்மையாரிடம் உதவி ஆசிரியையாகச் சேர்ந்த நாள் முதல் பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். மீனவர் குப்பத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஓடு வேய்ந்த ஒரே கூடம். அதில் பால்மணம் மாறாத பிள்ளைகள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் இஞ்சின். போதாக்குறைக்கு, பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு வேறு. ஆகவே அம்மையார் காலைதோறும் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளை சேர்த்தார்கள். குப்பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். தண்டையார்பேட்டை முஸ்லிம் வியாபாரிகளின் பிள்ளைகளும் ரயில்வே குமாஸ்தாக்களின் பிள்ளைகளும் வந்தார்கள்.

வந்தவர்களை எண்ணத்தான் முடியவில்லை. குப்பத்துத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தலை எண்ண விடமாட்டார்கள். எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்று அவர்களுக்கு நடுக்கம். அம்மைக்கும் வாந்திபேதிக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் என்ன வாதாடுவது? அம்மையார் வாதாடவில்லை. வாசலில் ஒரு மண்கலயம் வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் காலையில் வரும்போது ஒரு சிப்பியைப் போடும், மாலையில் போகும்போது எடுத்துக்கொள்ளும். நாங்கள் சிப்பிகளை எண்ணிக்கொண்டோம். தாய்மார்களுக்கும் திருப்தி, மேலதிகாரிக்கும் கணக்கு.

பிறகு அஞ்சலை வந்தாள். கொருக்குப்பேட்டையில் ரயில் மூட்டை தூக்கும் ஏழுமலையின் மகள். ஆதி திராவிடர் பிள்ளை எங்கள் பள்ளிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே பெற்றோர் சிலர் கூட்டமாக வந்துவிட்டார்கள். அவளை வெளியே உட்கார வைக்க வேண்டும், அவள் சிப்பிக்குத் தனிக் கலயம் வேண்டும், இல்லாவிட்டால் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். பள்ளியே போய்விடும் என்று நான் நடுங்கினேன். அம்மையாருக்கும் பயம்தான். ஆனால், "இந்தப் பள்ளிக்கூடத்துல கலயம் ஒண்ணுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

சில நாள் கழித்து ஒரு மாலை, பிள்ளைகளெல்லாம் போன பின் கலயத்தைக் கவிழ்த்தோம். ஒரு சிப்பி விழுந்தது. அப்படியானால் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. யார் என்று சிப்பி சொல்லாதே! அலையோரம் ஓடிப் பார்த்தோம், தண்டவாளத்தோரம் பார்த்தோம். பிறகு வீடு வீடாகப் போய், பெற்றவர்கள் பதறாதபடி சும்மா விசாரிப்பதுபோல் விசாரித்தோம். எல்லாப் பிள்ளையும் இருந்தது. கடைசியாகப் போனது ஏழுமலையின் குடிசைக்கு.

அஞ்சலை பத்திரமாக உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் மூட்டை கட்டியிருப்பதைக் கவனித்தேன்.

"புள்ளைய இஸ்கோலுக்கு அனுப்பினா குடிசைய கொளுத்திடுவோம்னு சொல்ட்டுப் போறாங்கம்மா. பொட்டப் புள்ளைய வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் ஏழுமலை. எங்கே போகிறார்கள் என்பதை எங்களிடம் சொல்லக்கூட அவருக்குப் பயம்.

சிப்பியை ஏன் எடுக்கவில்லை என்று அம்மையார் அஞ்சலையைக் கேட்டார்கள்.

"அது அங்கியே கெடக்கட்டும் டீச்சர். எடுத்துகினு வந்தா, என் எடத்துல வேற யாராச்சும் குந்திப்பாங்க."

விடிந்தபோது குடிசை காலியாக இருந்தது. அம்மையார் அந்தச் சிப்பியை எடுக்கவே இல்லை. பெற்றோர் கோபித்து நிறுத்தியிருந்த பிள்ளைகள் மெல்லத் திரும்பின. ஆதி திராவிடர் பிள்ளைகள் இன்னும் பலர் வந்தார்கள், அதே கலயத்தில் சிப்பி போட்டார்கள். அஞ்சலை மட்டும் வரவில்லை. ஒவ்வொரு மாலையும் ஒரு சிப்பி மிஞ்சும், எனக்குத் திக்கென்றாகும். எடுத்துவிடலாமே என்று அம்மையாரிடம் கெஞ்சியிருக்கிறேன். "பயமா இருக்கா? இருக்கட்டும். அவ எங்க இருக்காளோன்னு தினம் ஒரு தடவையாவது யாராச்சும் பயப்படணும்" என்பார்கள்.

அம்மையாரை அடக்கம் செய்துவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் ஆசிரியை கலயத்திலிருந்த சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாரோ மறந்துபோனதா என்று கேட்டார். கன்னியம்மா எனக்கு முன்பே பதில் சொல்லிவிட்டாள்: "இல்லம்மா. ஒரு புள்ள இன்னும் வரணும்." சிப்பி கலயத்துக்கே திரும்பிப் போயிற்று.

அம்மா, நிம்மதியாகப் போய் வாருங்கள். மாலையில் பயப்பட நாங்கள் இருக்கிறோம்.