பொட்டுக்கு விட்ட இடம்

கறுப்பு எனாமல் பெயின்ட்டின் வாடை சாம்பிராணிப் புகையோடு கலந்து வந்தால் ஆயுத பூசை வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் அர்த்தம். வெண்ணந்தூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் அன்றைக்குத் தறியைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். அப்பா அதோடு நிற்காமல் தன் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப்போட்டு, ஒரு டப்பா பெயின்ட்டை அதன்மேலேயே தீர்ப்பார். நான் ஏழாவது படித்த வருடம் அடித்த பெயின்ட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நாலாம் நாளே வண்டி நடுவழியில் நின்றது.

அந்த வண்டிக்குப் பேட்டரியில்தான் உயிர். அது இறங்கிவிட்டால் எவ்வளவு உதைத்தாலும் கிளம்பாது. அப்பா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். ராசிபுரத்தில் சார்ஜ் போட்டு வந்தார். மூன்று நாள் ஓடி மறுபடி படுத்தது. புதுசு வாங்கி மாட்டினார். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. அவர் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கும் பக்கத்து வீட்டுத் தறிக்காரர், "வண்டி உங்களச் சொமக்குதுங்களா, நீங்க வண்டியச் சொமக்கறீங்களா?" என்று விசாரிப்பார். அப்பா பதில் சொல்லமாட்டார், மூச்சு மிச்சம் இருந்தால்தானே.

அம்மா அப்போதுதான் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக எங்கள் ஊரில் பஸ் கிடையாது, அப்பாதான் கொண்டுபோய் விடவேண்டும். மில் சங்கு ஊதிய பிறகு மூன்று முறை போய் நின்றாயிற்று. இன்னொரு முறை தாமதமானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தறிக்குச் சரியாக நூல் வராத காலம் அது. அம்மாவின் வேலையும் போனால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரிக் கடைக்காரர் சார்ஜ் ஏற்றி, சோதித்துப் பார்த்துச் சொன்னதை அப்பா அப்படியே வந்து ஒப்பித்தார்: "பேட்டரி மேல குத்தமில்லீங்க. உங்க வண்டி வாங்கித் திங்கறதோட செரி, திரும்ப ஊட்டறதில்லீங்க." இஞ்சின் ஓடும்போது உண்டாகும் கரண்டு பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். வண்டியை ஆத்தூர் ஆள் ஒருவருக்குத் தள்ளிவிடலாம், அம்மா வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று அப்பா சோர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வண்டியருகே குத்தவைத்து உட்கார்ந்தாள். முன்பெல்லாம் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சுவரில் விழும் ஹெட்லைட் வெளிச்சம் பளிச்சென்று கூடுமே, இப்போது ஏன் கூடவில்லை என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஏனுங்க, பூசைக்கு முந்தி நல்லாத்தான ஓடுச்சு? அன்னிக்கி எதெதக் கழட்டுனீங்களோ அதையே மறுக்காக் கழட்டுங்க. மில்லுல நூலு அறுந்தா நாங்க அறுந்த எடத்தத்தான் தேடுவோம், புதுசு வாங்க ஓடமாட்டோம்."

அப்பா முனகியபடியே ஸ்பேனரை எடுத்தார். சீட்டுக்கு அடியில், கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் "ரெக்டிபயர்" என்ற சின்னச் சாமான் வண்டியின் சட்டத்தோடு இறுக்கியிருக்கும். அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் "எர்த்து" கிடைத்துக் கரண்டு ஓடும், நடுவில் பெயின்ட் இருந்தால் ஓடாது. அப்பாவோ சட்டத்தில் அது உட்காரும் இடத்துக்கும், அதைப் பிடிக்கும் போல்ட்டுக்கும் சேர்த்தே இரண்டு பூச்சு கொடுத்திருந்தார்.

"உங்கொப்பனுக்குப் பக்தி முத்திப்போச்சு சாமி" என்றாள் அம்மா என்னிடம்.

அப்பா உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, பொழுது சாயும் நேரத்தில் வண்டியை உதைத்து முறுக்கினார். சுவரில் மங்கலாய்க் கிடந்த மஞ்சள் வட்டம் மெல்ல வெளுத்து, வெள்ளைத்தட்டு மாதிரி நின்றது. அப்பா இன்னொரு தடவை முறுக்கினார். எனக்காகத்தான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே அம்மா மில் வாசலில் இறங்கினாள். திரும்பி வந்த அப்பா, பக்கத்து வீட்டு வாசலில் மட்டும் ஹாரனைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தார். அடுத்த வாரமும் அடித்தார்.

நான் கல்லூரி போய் முடிக்கும்வரை அம்மா அந்த மில்லுக்குப் போனாள். இப்போது அங்கே சங்கு இல்லை. விரல் ரேகை வைத்து உள்ளே போகிறார்கள். வண்டி என்னிடம் இருக்கிறது. இந்த வருடப் பூசைக்கு நான் பெயின்ட் டப்பாவோடு சீட்டைக் கழற்றினால், அம்மா முந்திக்கொண்டு அந்தப் போல்ட்டின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். அதைச் சுற்றி ஒதுங்கி அடித்துவிட்டு, உதைத்து முறுக்கினேன். அம்மா பெயின்ட்டைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.