ஏழு பென்டிரைவும் ஒரு சிவப்பு நூலும்

பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் வஹீதுன்னிசாவிடம் ஏழு பென்டிரைவுகள் இருந்தன. ஏழும் ஒரே கறுப்பு. மணப்பெண் இஃபத் சாயங்காலம் வந்து ரவிக்கை கேட்பாள். அவள் கேட்ட ரோஜாக்கொடி டிசைன் எதில் இருக்கிறதென்று தெரியவில்லை.

"ஒவ்வொண்ணா தெறந்துகினு இருக்காதே. சொருகினதும் இன்னதுன்னு சொல்ற மாதிரி புரோகிராம் எழுதறேன்" என்று கணவர் கலீலுல்லா காலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஒன்றைச் சொருகினாள். கம்ப்யூட்டர் கணீரென்று பேசியது: "பென்டிரைவ் வந்திருக்கிறது."

"சொருகினதே நான்தானேங்க. எனக்குத் தெரியாதா?"

சோறு ஆறிப்போனது. இரண்டு மணிக்கு கம்ப்யூட்டர் நீளமாக ஒரு நம்பரை ஒப்பித்தது.

"ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பரு கீது, வஹீதா. மாறவே மாறாது."

"அப்ப என்னையும் ஆதார் நம்பர் சொல்லியே கூப்புடுங்க. ரோஜா எதுல கீது?"

"அத நீ ஒரு தபா தெறந்து பாத்து சொன்னா, உள்ள எழுதிடுவேன்."

வஹீதுன்னிசா ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஐந்தாவதில் ரோஜா கிடைத்தது. அதன் வளையத்தில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டு மெஷினை ஓட்டினாள். இஃபத் வருவதற்குள் ரவிக்கை முடிந்தது.

கலீலுல்லாவும் முடித்திருந்தார். "இப்ப அத சொருகு."

சொருகினாள்.

"சிவப்பு நூல் கட்டியது" என்றது கம்ப்யூட்டர்.