எல்லைக் கழியைப் பிடுங்கியவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழவேற்காட்டுக்கு ஒரே ஒரு பகல் போய்வர நான் மூன்று பைகள் கொண்டுபோனேன். ஒன்றில் கேமராவும் அதன் பரிவாரமும். இன்னொன்றில் வெயிலுக்கு ஒரு தொப்பி, மழைக்கு ஒரு கோட்டு, இரண்டும் இல்லாவிட்டால் என்று ஒரு குடை. மூன்றாவதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. எதை வீட்டில் விடுவது என்று தெரியாததால் எதையும் விடவில்லை. ஓட்டலில் மெனு அட்டையை என் கையில் கொடுத்தால் சர்வர் மற்ற மேசைகளை எல்லாம் கவனித்துவிட்டுத் திரும்பி வருவார். நான் அப்போதும் ரவா தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் நடுவே தவித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் இட்லி சொல்வேன். அப்பேர்ப்பட்ட ஆள்.

காலை ஏழு மணி வாக்கில் சென்ட்ரலில் புறநகர் ரயில். மீஞ்சூருக்கு டிக்கெட் பத்து ரூபாய். எதிர்ப்பக்கம் நகரத்துக்குப் போகும் ரயிலில் ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு போனார்கள். என் பெட்டியில் என் பைகளே ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து வந்தன. மீஞ்சூரில் பஸ் ஏறியபோது கண்டக்டர் பைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், வூடு மாத்துறியா?"

பைகளுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். காட்டூர் தாண்டியதும் இருபுறமும் நாற்று நட்ட வயல்கள். தெற்கே தொலைவில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கிகள் போல நின்றன. பிறகு திடீரென்று நிலம் தீர்ந்துபோய் ஏரி வந்துவிட்டது.

பத்து மணிக்கு நான் போய்ச் சேர்ந்த குப்பத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற குப்பங்களும் சிரிக்கும், இனி என்னை உள்ளே விடமாட்டார்கள். காரணம் பின்னால் வரும். என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் தங்கை பவானி, சென்ற மாதம்தான் அந்தக் குப்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணவன் தேசப்பன். "எங்க மச்சானுக்கு மொதப் பாடு வருது, போய்ப் பாத்துட்டு வா" என்று நண்பர்தான் அனுப்பிவைத்தார். பாடு என்றால் என்ன என்று கேட்க மறந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிந்திய ஏதோ விருந்து என்று நினைத்து இனிப்புப் பெட்டி ஒன்றும் வாங்கிப் போயிருந்தேன்.

கரையில் ஏழெட்டு ஆண்கள் புன்னை மரத்தடியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரை விமர்சனம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, கல்லெறி தூரத்தில், மடவை மீன்கள் வெள்ளிக்காசு சுண்டியதுபோல் துள்ளி விழுந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மீன் துள்ளுதே! யாரும் போகலியா?"

"அது எங்க பாடு இல்ல சார்."

"யாரோட பாடு?"

"அதோ, பல்லு குத்திக்கினு கிறானே, அவனோடது."

பல் குத்துகிறவரிடம் பதறினேன். "நீங்களாவது போகலாமே!"

"என் பாடு நாளிக்கித்தான" என்றார் அவர். "நாளிக்கும் மீனு துள்ளும். துள்ளாகாட்டியும் அதான் என் பாடு."

மொத்த மரத்தடியும் என்னைப் பார்த்துச் சிரித்தது. பவானிதான் என்னை அங்கிருந்து மீட்டு விளக்கம் சொன்னாள். ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் கழி ஊன்றி வட்டமாகச் சுத்து வலை கட்ட முடியாது. நீரைத் துண்டு துண்டாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன துண்டு இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு. கல்யாணம் ஆனவனுக்குத்தான் தன் பெயரில் பாடு உண்டு. அதனால் தேசப்பனுக்கு இன்று முதல் முறை.

"நல்லா வரணும்ணா" என்றாள் பவானி, குரலைத் தாழ்த்தி. "மொதப் பாடு வெறுங்கையா வந்தா அவர யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வந்தவ ராசின்னு என்னத்தான் சொல்வாங்க. எங்க மாமியாரு இப்பவே அடுப்பாண்ட ஒக்காந்து வாசலப் பாத்துக்கினு கீறாங்க."

இனிப்புப் பெட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு தேசப்பன் படகைத் தள்ளினான். கூட அவன் சித்தப்பா மகன் சேகர். தேசப்பன் என் மூன்று பைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

"அண்ணே, வலை, கழி, நாங்க ரெண்டு பேரு. அதுக்கு மேல நீ ஏறுற. ஒரு சாமான் எடுத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு."

ஒன்றா? எனக்கு வியர்த்தது. கேமராவை எடுத்தேன், வைத்தேன். தொப்பியை எடுத்தேன். தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது. "வத்தம் ஒனக்காகக் காத்துக்கினு இருக்காதுண்ணா!" என்று பவானி கரையிலிருந்து கத்தினாள். ஏரி நீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வற்றி இறங்கும் நேரம்தான் வத்தம். இறால் அதோடு இறங்கிவரும். பாடு அந்த ஒரு வத்தம் மட்டுமே. நீர் திரும்பினால் முறை முடிந்தது. பதற்றத்தில் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். குடை. சேகர் அதைப் பார்த்துவிட்டு, வந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தமான சாமான் என்றான்.

ஒரு மணி சுமாருக்கு அவர்களுடைய துண்டை அடைந்தோம். இடுப்பளவு நீர். ஒரு பக்கம் மணல் திட்டு. மறுபக்கம் சிவப்புத் துணி கட்டிய ஒரு சவுக்குக் கழி, எல்லைக்கு. அதற்கப்பால் ஏழுமலை என்பவரின் துண்டு. அவர் ஏற்கெனவே தம் கழிகளை ஊன்றிக்கொண்டிருந்தார். ஒரு பழைய வலைத் தகராறில் அவருக்கும் தேசப்பன் வீட்டுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை என்று சேகர் காதில் சொன்னான்.

அவர்கள் இறங்கி வேலையைத் தொடங்கினார்கள். ஏதாவது உதவலாமே என்று நானும் இறங்கினேன். அதுதான் தப்பு. சேறு முழங்கால் வரை என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. குடையை விட மனமில்லை, விழவும் மனமில்லை. பக்கத்தில் நின்றதை மறு கையால் கட்டிப்பிடித்தேன். அது என்னோடு சேர்ந்து சாய்ந்தது. நான் நீருக்குள் போய் மேலே வந்தபோது என் கையில் சிவப்புத் துணி கட்டிய கழி இருந்தது. அது நின்ற இடத்தில் சேறு வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தது.

ஒரு நாரை மட்டும் கத்தியது.

"நட்டுட்டா போச்சு" என்று கழியைக் குத்தப் போனேன்.

"தொடாதண்ணே!" தேசப்பனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பாடு உள்ளவன், பக்கத்துத் துண்டுக்காரன் சம்மதம் இல்லாமல் எல்லைக் கழியைத் தொடக்கூடாது. தொட்டால் பஞ்சாயத்து, பாடு போய்விடும். நான் அவன் படகில் வந்தவன். என் கை அவன் கைதான். அடுப்படியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாமியார் கண்முன் வந்து நின்றார்.

"டேய், அவுரு அந்தாண்ட திரும்பிக்கினு கிறாரு. சட்டுனு ஊனிடு" என்றான் சேகர்.

தேசப்பன் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கூவினான். "ஏழுமலை மாமா! எங்க ஆளு கழியப் புடுங்கிட்டாரு. நீயே வந்து நடு!"

நான் அதிர்ந்தேன். எதிராளியிடமா எல்லையைக் கொடுப்பது? என் புத்திக்கு எட்டியவரை, வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுத்து, பூட்டிவிட்டுப் போ என்பது போல இருந்தது. ஏழுமலை அவசரப்படவே இல்லை. தம் வலையைக் கட்டி முடித்தார். பீடி பற்றவைத்தார். நீர் குறைந்துகொண்டே இருந்தது. பிறகு நடந்து வந்து, என் கையிலிருந்த கழியை வாங்கி, கரையில் தெரிந்த பனையைப் பார்த்தார், முதுகுப் பக்கத்துத் திட்டைப் பார்த்தார், ஓங்கி ஊன்றினார். என்னிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"கொடை எதுக்கு?"

அவர் போனதும் சேகரிடம் கிசுகிசுத்தேன். "நம்ம பக்கம் தள்ளி நட்டுட்டாரா?"

"இன்னாத்துக்கு? அடுத்த பாட்டுக்கு எடம் மாறும், அவரு இந்தாண்ட வருவாரு, நாங்க அந்தாண்ட போவோம். இன்னிக்கி நம்மளக் குறுக்குனா அவுரு எடத்த அவுரே குறுக்கிக்கிறாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "இதுகூடத் தெரியாமத்தான் பேன்ட் போட்டுக்கினு திரியுறியா?"

ஆனால் பாதி வத்தம் போய்விட்டது. முழு வட்டமாக வலை கட்ட நேரமில்லை. தேசப்பன் நீரையும் திட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வலையில் பாதியைப் படகிலேயே விட்டுவிட்டு, மீதியை மணல் திட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அரிவாள் வளைவாகக் கட்டினான். மறுபக்கச் சுவருக்குத் திட்டே போதுமென்று விட்டுவிட்டான். இப்படி யாராவது கட்டியிருக்கிறார்களா என்று சேகர் கேட்டான். "எனக்கின்னா தெரியும்? வேற வழி இல்ல, புடி" என்றான் தேசப்பன்.

அந்த ஒரு மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. என்னைப் படகில் ஏற்றி அசையாதே என்று உட்காரவைத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. அசையாமல் இருப்பது. கேமரா இல்லாததால் கண்ணாலேயே பார்க்க வேண்டியிருந்தது. நீர் வடிய வடிய வலையின் மடிப்பில் இறால்கள் கண்ணாடித் துண்டுகளாகக் குதிக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். இருபது படம் எடுத்திருந்தால் அதில் எது நன்றாயிருக்கிறது என்று இன்னமும் தேடிக்கொண்டிருப்பேன்.

நான்கு மணிக்குக் கரை. கூடை வழியவில்லை, விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. மாமியார் வந்து கூடைக்குள் கையை விட்டு அளைந்தார். திரும்பிப் போகும்போது மருமகளிடம், "புளிய ஊற வெய்யி" என்றார். பவானி மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குள் சேகர் கழிக் கதையை அபிநயத்தோடு சொல்லத் தொடங்கியிருந்தான். என் வேடத்தில் அவன் குடையோடு மூழ்கிய காட்சிக்கு மரத்தடியில் பலத்த வரவேற்பு. பவானி சிரிக்கவில்லை. கதை கழி பிடுங்கும் கட்டத்துக்கு வந்ததும் என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நண்பரிடம் இதுவரை பேசவில்லை.

அந்த இறால் குழம்பைத் தின்று முடித்து, கடைசிப் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸுக்காக நின்றபோது என் தெரு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டும்போதெல்லாம் அது என் பக்கம் ஒரு சாண் நகர்ந்து வரும். நகராமல் என்ன செய்யும்? அவர் என் வீட்டுக்கு ஒருநாளும் குடிவரப் போவதில்லை. நானும் யோக்கியன் இல்லை. என் முருங்கை அவர் மாடிக்கு எப்போதோ குடிபோய்விட்டது. எல்லை என்றாலே எதிரே இருக்கிறவனைத் தடுத்து நிறுத்தத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பஸ் வந்தது. தேசப்பன் இரண்டு பைகளை ஏற்றிவிட்டான். மூன்றாவதை, உள்ளே இருந்ததோடு, சேகருக்குக் கொடுத்துவிட்டேன், குடையையும்தான். படியில் நின்றுகொண்டு, மனம் நிறைந்துபோய், பவானியைக் கேட்டேன்.

"அடுத்த பாட்டுக்கும் நான் கட்டாயம் வரேம்மா. வரலாமில்ல?"

"கரை வரிக்கும் வாண்ணா."